தளபதி இல்லாத கோட்டை

உ
ஆனையூர், மதுரை
9.6.2025

தம்பி ராஜேஷ்குமாருக்கு அண்ணன் ஹரிநாராயணன் எழுதுவது.

இங்கு நானும் உன் அண்ணி சுந்தரவல்லியும் சுகம். உனக்குச் சர்க்கரை இருநூற்றெண்பதைத் தொட்டதாகக் கேள்விப்பட்டேன். கவனமாக இரு. நம் குடும்பத்தில் எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நீ ஒருவன்தான். உடம்பாவது தப்பட்டும்.

பழைய வீட்டை விற்றபோது உன் கைபேசியில் என் எண்ணைத் தடை செய்தாய். ஆறு வருடம் ஆகிறது. ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு தபாலில் எழுதுவது அதனால்தான். நம் வீட்டு மொழியில் எழுதலாம் என்றால், சௌராஷ்டிரத்துக்கு எழுத்து உண்டு, நம் இருவருக்கும்தான் அது தெரியாது. தமிழில் எழுதும்போது எவ்வளவு கோபத்திலும் கொஞ்சம் மரியாதை ஒட்டிக்கொள்கிறது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த முத்திருளன் பரணில் ஏறியவன், "அண்ணே, மேல ஒரு பெட்டி கெடக்கு, உள்ள என்னமோ குலுங்குது. எறக்கவா, அங்கிட்டே தள்ளவா?" என்றான். இறக்கிப் பார்த்தால், 1988 நவராத்திரிக்கு வந்த சிங்கப்பூர் மாமா நம் இருவருக்கும் பொதுவாகக் கொடுத்த பொம்மைக் கோட்டை. 'ஆஸ்ட்ரான் படையின் விண்கோட்டை' என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கோட்டை, பீரங்கி, ஏறி இறங்கும் லிஃப்ட், கொடி, ஆறு சிப்பாய்கள் எல்லாம் இருக்கிறார்கள். தளபதி இல்லை. மாமா கொடுத்த மூன்றாம் நாளே நீ அவரைத் தொலைத்தது நினைவிருக்கும்.

நம் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் கடைசிப் பத்தியைப் பார். விட்டுப்போன பொருள் ஏதும் பின்னால் கிடைத்தால் மூத்தவர் விலை வைக்க வேண்டும். பாதி விலையைக் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொள்வதா, பாதி விலையை வாங்கிக்கொண்டு பொருளை விடுவதா என்று இளையவர் சொல்ல வேண்டும். நான் வைக்கும் விலை முந்நூறு ரூபாய். எது வேண்டும் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

இந்துப்ரியாவைக் கேட்டதாகச் சொல்.

ஹரிநாராயணன்


கோச்சடை
17.6.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். என் சர்க்கரை இருநூற்றைம்பதுதான். மீதி முப்பது, கோச்சடையிலிருந்து ஆனையூர் போய்ச் சேர்வதற்குள் ஏறியிருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பரணில் முத்திருளனை ஏற்றியதிலிருந்து ஒருவாறு ஊகித்துக்கொண்டேன்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இழப்பை மதிப்பிட்டுக் கொடுப்பவன். எரிந்த கிடங்கையும் நனைந்த பஞ்சு மூட்டையையும் பார்த்து, போனது இவ்வளவு, போன காரணம் இது என்று எழுதுவது தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அசல் பெட்டியோடு கிடைத்த முப்பத்தேழு வருடத்துப் பொம்மைக்கு யாரும் ரயில் நிலையத்துப் பிரியாணி விலை வைப்பதில்லை. அப்படி வைப்பவர் அந்தப் பேச்சைச் சீக்கிரம் முடிக்க விரும்புகிறார். ஏன் என்பது அறிக்கையில் சேர வேண்டிய விஷயம்.

நான் தொழிலில் பயன்படுத்தும் படிவத்தை இணைத்திருக்கிறேன். ஒன்பது கட்டங்கள். பெரும்பாலானவை சுலபம். ஏழாம் கட்டம் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும்: 'குறையும் உறுப்பு எது, குறைந்த காரணம் என்ன.' தளபதி எப்படிப் போனார் என்று நீங்கள் அறிந்ததை அதில் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் அவரைத் தொலைக்கவில்லை. பதினொரு வயதில் இதையே சொன்னேன். "கடைசியாக இவன் கையில்தான் பார்த்தேன்" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்களுக்குப் பதினைந்து வயது, குரல் உடைந்திருந்தது, அப்பா நம்பினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பொருளையும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை. ரேஷன் அட்டையைக் கொடுக்கவில்லை. கடைச் சாவியைக் கொடுக்கவில்லை, பிறகு கடையையே கொடுக்கவில்லை. என் கல்யாணத்தில் நான் கட்ட வேண்டிய தாலியை முகூர்த்த நேரம்வரை உங்கள் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். ஐயர் கேட்டபோது சபையே உங்களைத் திரும்பிப் பார்த்தது.

கோட்டையும் பணமும் எனக்குப் பெரிதல்ல. ஏழாம் கட்டம் நிரம்பாமல் நான் எதையும் தேர்ந்தெடுப்பதாக இல்லை.

அண்ணியிடம் என் வணக்கத்தைச் சொல்லவும். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அனுதாபம்தான்.

இப்படிக்கு,
ராஜேஷ்குமார்


ஆனையூர்
30.6.2025

தம்பிக்கு,

சுகம். முழங்காலுக்குத் தைலம் போடுகிறேன். உன் அக்கறை தைலத்தைவிட எரிந்தது.

படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். நீ எரிந்த பொருளைப் பார்த்துப் பிழைக்கிறவன். நான் எரிப்பதற்கு முன்பே தரம் சொல்கிறவன். முப்பது வருடமாக நூல் வியாபாரம் செய்கிறேன். இரு விரலுக்கு நடுவில் ஒரு இழையை உருட்டினால் அது எந்த மில் நூல் என்று சொல்வேன். ஆகவே விண்கோட்டையை எனக்குத் தெரிந்த முறையில் சோதித்தேன். பிளாஸ்டிக் சுவர்கள் மெல்லியவை, நகத்தால் தட்டினால் ஓசை வருகிறது. சிப்பாய்களின் சாயம் நெற்றியில் போயிருக்கிறது. சாயத்துக்குப் பிறகு சரியாக அலசவில்லை. கோட்டைக் கொடி துணியாலானது. பட்டா, செயற்கை இழையா என்று தெரிந்துகொள்ள வழக்கம்போல ஒரு ஓரத்தைத் தீக்குச்சியில் காட்டினேன். முடி கருகும் வாடை வரவில்லை, உருகிச் சொட்டியது. எனவே பட்டு அல்ல. இதை நீ நன்றியோடு குறித்துக்கொள்ளலாம், உன் படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை.

எல்லாவற்றையும் கூட்டினால் முந்நூற்றைம்பது. ஐம்பது ரூபாய் உறவுக்காக.

ஏழாம் கட்டத்தில் 'ஏற்கெனவே தெரிந்தது' என்று எழுதியிருக்கிறேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

ஹரிநாராயணன்


கோச்சடை
15.7.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுத்தில் வைப்பது நல்லது. நான் கேட்டுக்கொண்டபடி, டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் பழைய கடிகாரமும் பொம்மையும் விற்கும் மன்சூர் பாயின் கடைக்கு நீங்கள் கோட்டையைக் கொண்டுவந்தீர்கள். அவரை நடுவில் உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். "பாய், இது அசல் பெட்டிதானான்னு அவருகிட்ட சொல்லுங்க" என்று நான் சொன்னதும், "எனக்கே கேக்குது, அவருக்குக் கேக்காதாண்ணே?" என்று அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாம் ஒன்றாக இருந்தோம்.

அவர் வேலை செய்த விதத்தைக் கவனித்தீர்களா? முதலில் கையைக் கழுவினார். பெட்டியின் நான்கு மூலைகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் எங்கே மஞ்சளித்திருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பினார். ஒவ்வொரு சிப்பாயின் தோளையும் இடுப்பையும் மெதுவாக அசைத்து மூட்டு இறுக்கம் பார்த்தார். பேட்டரி போடும் இடத்தைத் திறந்து, துரு இல்லை என்றதும் அல்லாவுக்கு நன்றி சொன்னார். கடைசியில் கொடியை எடுத்தார்.

"யாருண்ணே இதுல தீ வச்சது?"

"ஒரு டெஸ்ட்" என்றீர்கள்.

"கொடி கருகாம இருந்தா ரெண்டாயிரம் சேத்துக் கேக்கலாம்ணே. நல்லவேள, சிப்பாய்ங்களை வேகவச்சுப் பாக்கல."

பிறகு சொன்னார்: "தலைவன் இல்லாத கோட்டைண்ணே. இப்ப இருக்கிற நெலமைக்குப் பன்னெண்டாயிரம். தளபதி மட்டும் இருந்திருந்தா அம்பதுக்கு மேல. பிள்ளைங்க மொதல்ல தொலைக்கிறதே அவனைத்தான். அதான் அவனுக்கு அம்புட்டு வெலை. ஆமா, அவன் எப்படி இருப்பான்? எங்கிட்டாவது கண்ணுல பட்டாச் சொல்றேன்."

நான் சொன்னேன்: நாலு அங்குலம், சிவப்பு அங்கி, வலது கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டியிருப்பார். நீங்கள் உடனே, "இடது முழங்கால்ல ஒரு கீறல் இருக்கும்" என்றீர்கள். சொல்லிவிட்டுக் கொடியைப் பார்த்தீர்கள்.

அண்ணா, அவர் நம்மிடம் இருந்தது மூன்று நாள். பெட்டியிலிருந்து அவரைப் பிரித்தவன் நான். அவர் காணாமல்போன அன்று காலையில்கூட அவரை என் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி இட்லி சாப்பிட்டேன். முழங்காலில் கீறல் இல்லை. அது பிறகு வந்த கீறல். பிறகு வந்த கீறல் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஏழாம் கட்டத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ராஜேஷ்குமார்


ஆனையூர்
22.7.2025

ராஜேஷ்,

சுகம்.

விலை பன்னிரண்டாயிரம் என்று ஒப்புக்கொள்கிறேன். கீறல் என்றது வாய் தவறி வந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, ஆயிரம் பொருளைப் பார்த்திருக்கிறேன், ஏதோ ஒன்றின் முழங்கால்.

எது வேண்டும் என்று சொல். ஆடி மாதம் கடையில் கூட்டம் அதிகம். பதில் போட நேரம் இருக்காது.

ஹரிநாராயணன்


கோச்சடை
6.9.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். ஆடி முடிந்துவிட்டது. ஆவணியும் முடியப்போகிறது. யாருடைய முழங்கால்?

ராஜேஷ்குமார்


ஆனையூர்
18.9.2025

அன்புத் தங்கச்சி இந்துப்ரியாவுக்கு அக்கா சுந்தரவல்லி எழுதிக்கொண்டது.

நீயும் தம்பியும் சௌக்கியமா? போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால் இந்தக் கடுதாசி. மூலையில் மஞ்சள் தடவியிருக்கேன், அழைப்பாகவே எடுத்துக்கோ. அமாவாசை அன்றைக்குக் கொலு வைக்கிறோம். வெள்ளிக்கிழமை நீ கட்டாயம் தாம்பூலம் வாங்கிக்க வரணும். தம்பியையும் கூட்டிட்டு வா. அன்றைக்கு அவர் கடையில் இருப்பார், பத்து மணிக்குத்தான் வருவார்.

எல்லாப் படியும் நான் வைப்பேன், மூன்றாவது படியை மட்டும் அவரேதான் வைப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் படியில் என்னைக் கைவைக்க விட்டதில்லை. அங்கே பெருமாளுக்கு ரெண்டு பக்கமும் துவாரபாலகர் நிற்கிறார்களே, அதில் ஒருத்தர் மண்ணு. இன்னொருத்தர் என்ன சாமானோ தெரியலை. போன வருஷம் நான் தூசி தட்டும்போது கீழே விழுந்தார். உடையலை. தூக்கின கை மட்டும் தொளதொளன்னு ஆயிருச்சு. அதைப் பார்த்து அவர் சோறே சாப்பிடலை. ஒரு பொம்மைக்காக இவ்வளவா என்று அன்றைக்கே எனக்குத் தோணிச்சு.

தம்பி இந்த மாதிரிச் சாமானெல்லாம் பார்த்து எழுதுகிறவர் ஆச்சே. அவர் ஒரு தடவை பார்க்கட்டும். நான் வேறொன்றும் சொல்லலை.

பச்சைச் சுங்குடியைக் கட்டிட்டு வா, அது உனக்கு எடுப்பா இருக்கும்.

அக்கா


கோச்சடை
27.9.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். நேற்று மாலை நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து கொலு பார்த்தோம். மொச்சைச் சுண்டல் நன்றாக இருந்தது. உங்கள் உடல்நலத்தை அண்ணியிடமே கேட்டுக்கொண்டேன், ரத்த அழுத்தம் என்றார். வியப்பில்லை.

பார்வையிட்ட விவரம்: மூன்றாம் படி, பெருமாளுக்கு இடப்பக்கம். உயரம் நாலு அங்குலம். உடம்பு முழுக்கப் பச்சை வர்ணம், பட்டு வேட்டி, நெற்றியில் நாமம், மார்பில் வருடக் கணக்கில் அப்பிய சந்தனம். தலைக்கவசத்தின் மேல் தங்கக் காகிதம் ஒட்டிக் கிரீடமாக்கியிருக்கிறது. வலது கை மேலே தூக்கி ஒரு விரல் நீட்டியபடி. வேட்டி காற்றில் ஒதுங்கியபோது இடது முழங்கால் தெரிந்தது. கீறல் உண்டு.

முன்பின் தெரியாத ஒரு அம்மாள் எனக்குப் பக்கத்தில் நின்று, "அந்தத் துவாரபாலகர் மொகத்துல என்ன களை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னையும் பார்த்தார். வேறு வழியில்லாமல் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நான் தொலைத்ததாகச் சொன்ன பொருளை முப்பத்தேழு வருடம் கழித்துக் கண்டுபிடித்து, அதைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு ஆய்வு நடந்ததில்லை.

கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார். எடுக்கவில்லை. கொலு கலையும்வரை எந்தப் பொம்மையையும் நகர்த்தக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தாள். வழக்கத்தை மீறிச் சாட்சியைக் கைப்பற்றினால் அது என் குற்றமாகிவிடும், உங்களுடையது மறந்துபோகும்.

விஜயதசமி வரை உங்களுக்கு அவகாசம். அதற்குப் பிறகு ஏழாம் கட்டத்தை நானே நிரப்பி, நகல் எடுத்து, நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்புவேன். என் தாலியை உங்கள் பையில் பார்த்த அத்தனை பேருக்கும்.

தேர்வையும் சொல்லிவிடுகிறேன். கோட்டையை எடுத்துக்கொள்கிறேன்.

ராஜேஷ்குமார்


ஆனையூர்
3.10.2025

தம்பி ராஜேஷுக்கு,

பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்களாம். ஆகவே இது விரைவுத் தபால். நம் விரோதம் பழைய வேகத்திலேயே போகட்டும்.

நேற்று ராத்திரி ஆரத்தி எடுத்து, வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தோம். அவரைத்தான் வைத்தேன். இன்று காலை ஏழாம் கட்டத்தை நிரப்பினேன். படிவம் இணைப்பில் இருக்கிறது. இடம் போதாததால் இங்கே தொடர்கிறேன்.

1988-இல் கொலு வைத்த மூன்றாம் நாள், வீட்டுக்குள் யாரும் இல்லாதபோது, மூன்றாம் படியில் மாமாவின் பீரங்கியை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். அதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குண்டு வரும், உனக்குத் தெரியும். பெருமாளின் இடப்பக்கத் துவாரபாலகர் கழுத்தோடு போனார். நவராத்திரியில் கொலுப் பொம்மை உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்பதும், அப்பாவின் கையில் அப்போது கைப்பம்பு இருந்தது என்பதும் உனக்குத் தெரியும். அன்று அவர் தெருவில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். தளபதிதான் அதே உயரம். கை தூக்கிய மாதிரியும் ஒன்று. இடுப்பிலிருந்த துப்பாக்கி உறையை வேட்டி மறைக்கவில்லை, பிளேடால் அறுத்தேன். வழுக்கி முழங்காலில் பட்டது. கடையில் சாயம் கலக்கும் இடத்திலிருந்து பச்சை எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நான் செய்த வேலைகளில் அவ்வளவு நேர்த்தியானது வேறில்லை.

அதன் பிறகு தளபதி எங்கே என்று கேள்வி வந்தது. உன்னைச் சொன்னேன்.

கொலு முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் படியில் ஒருமுறை நின்ற பொம்மையை அடுத்த வருடமும் வைக்க வேண்டும். வருடா வருடம் சந்தனம் வைத்து, பூ வைத்து, அவரே துவாரபாலகர் ஆகிவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் முன்னால் மட்டும் அவள் ஆரத்தித் தட்டை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றுவாள்.

மன்னிப்பு என்று உன் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே நிரப்பவில்லை.

சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது உன் விருப்பம். கடையின் பெயர் வராமல் பார்த்துக்கொள்.

கோட்டையை முத்திருளன் ஆட்டோவில் கொண்டுவருவான். அவரையும் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தந்திருக்கிறேன். ஆனால் ஒன்று. கொலுப் பொம்மைகள் பத்திரப்படி என் பாகம். அவர் உன்னிடம் வருவது கையைச் சரிசெய்வதற்கும், கோட்டையில் ஒருமுறை நிறுத்தி மன்சூர் பாயிடம் காட்டுவதற்கும் மட்டுமே. திருக்கார்த்திகைக்கு முன் திரும்பி வந்தாக வேண்டும். அடுத்த வருடம் பெருமாள் வாசலில் ஒரு ஆள் குறைந்தால் உன் அண்ணி ஊரையே கூட்டிவிடுவாள்.

உன்னை நம்பி ஒரு பொருள் தருகிறேன். இந்தக் குடும்பத்தில் முதன்முறை. ரசீது போட்டு அனுப்பு.

ஹரிநாராயணன்


ஆனையூர்
14.11.2025

தம்பிக்கு,

சுகம். தீபாவளிக்கு வாழ்த்து அட்டை வந்தது. அடியில் "அவர் நலம்" என்று மட்டும் எழுதியிருந்தாய். உன் நலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று வாரமாக ஒரு தகவலும் இல்லை. சொந்தக்காரர்கள் யாருக்கும் படிவத்தின் நகல் போய்ச் சேர்ந்ததாகவும் தெரியவில்லை. உன் குணத்துக்கு இது இயற்கையாக இல்லை.

முத்திருளன் போன வாரம் கோச்சடைப் பக்கம் வேலைக்கு வந்தானாம். "அண்ணே, தம்பி சாக்கடை மூடியத் தொறந்து வச்சு டார்ச் அடிச்சு உள்ள பாத்துக்கிட்டு இருந்தாருண்ணே. அவுக வீட்டம்மா குச்சிய வச்சுக் கிண்டுறாக. என்னண்ணேன்னு கேட்டா, கொசுன்னாரு" என்றான். டெங்குக் காலம். நல்லது.

திருக்கார்த்திகைக்கு இருபது நாள் இருக்கிறது.

ஹரிநாராயணன்


கோச்சடை
29.11.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

வணக்கம். இங்கு நான், இந்துப்ரியா, எல்லோரும் சுகம். உங்கள் ரத்த அழுத்தம் குறைந்திருக்கும் என நம்புகிறேன். பனி ஆரம்பித்துவிட்டது, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திருளன் பார்த்தது உண்மைதான். துவாரபாலகரின் பழைய சந்தனத்தை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வாசலில் வீசிக் கொட்டினேன். அதில் என் வண்டிச் சாவி போய்விட்டது. அதைத்தான் தேடினோம். பொதுவாக என் சாவிகள் தொலைவதில்லை.

கை சரியாகிவிட்டது. முன்பைவிட உறுதியாக நிற்கிறது. இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அஞ்சலகத்தில் பொருளின் மதிப்பைக் கேட்டார்கள், கொலுப் பொம்மை என்று சொன்னேன். கோட்டையில் அவரை நிறுத்தி மன்சூர் பாயிடம் காட்டுவதை இந்த முறை விட்டுவிட்டேன். அவருக்கு வேலை அதிகம்.

படிவத்தின் நகலை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. யோசித்துப் பார்த்தேன். பதினைந்து வயதில் பயந்துபோய் ஒருவர் செய்ததை இவ்வளவு காலம் கழித்து ஊரறியச் செய்வது அழகல்ல. ஒரு பொருள் போய்விட்டால், அந்த நேரத்தில் மனிதனுக்கு என்ன தோன்றும் என்று சொல்ல முடியாது.

அண்ணிக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ராஜேஷ்குமார்


உ
ஆனையூர்
6.12.2025

தம்பி ராஜேஷ்குமாருக்கு அண்ணன் எழுதுவது.

சுகம். 'அன்புடன்' என்று போட்டிருந்தாய். இரண்டு முறை படித்தேன்.

பார்சல் திருக்கார்த்திகை அன்று காலையில் வந்தது. உன் அண்ணி பிரித்து, "தம்பி எம்புட்டு நல்லாப் பண்ணியிருக்காரு, புதுசு மாதிரியே இருக்கு" என்றாள். நானும் ஆமாம் என்றேன். விளக்கேற்றும்போது அவரை வாசல் மாடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தினேன். கை உறுதியாக இருக்கிறது. பச்சை இன்னும் முழுதாகக் காயவில்லை, என் விரலில் ஒட்டியது. வேட்டியின் பட்டு இழையை உருட்டிப் பார்த்தேன், அதுவும் கடைசியாகக் கட்டியிருந்த துணி அல்ல. இந்தத் தடவை தீக்குச்சி காட்டவில்லை. இடது முழங்காலை மட்டும் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது. மிக நன்றாகச் சரிசெய்திருக்கிறாய்.

நேற்று டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போனேன். மன்சூர் பாய் கூப்பிட்டு டீ கொடுத்தார். "அண்ணே, நீங்க கேட்ட தளபதி பம்பாய்ல ஒருத்தர்கிட்ட கெடைச்சான். நாப்பதாயிரம். நம்ம ஊருக்காரர் ஒருத்தர் மறு பேச்சுப் பேசாம எடுத்துக்கிட்டாரு. பெட்டி பிரிக்காத சாமானுண்ணே, கைபடாம வச்சுக்கங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்" என்றார். யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

பொம்மை கிடைத்ததற்கு ரசீது இணைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த நவராத்திரிக்கு அவர் தன் இடத்தில் நிற்பார். மூன்றாம் படியை நானேதான் வைப்பேன். நீயும் வந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் மாதம் நீ அனுப்பிய உறையில் உன் படிவம் ஒன்று அதிகமாக இருந்தது. நிரப்பாதது. தேவைப்படலாம் என்று அதையும் வைத்திருக்கிறேன். ஏழாம் கட்டம் காலியாக இருக்கிறது. அவசரமில்லை. எனக்கு முப்பத்தேழு வருடம் ஆயிற்று.

சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

ஹரிநாராயணன்